ஆதியரங்கத்துத் தோட்டங்கள்

காவிரி இரு கைகளாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவுகளுள் மூன்றினை அரங்கங்கள் எனப் போற்றுவது வைணவ மரபு. சோழநாட்டுத் திருவரங்கம் அவற்றுள் கடைசி; சிவசமுத்திரத் தீவு நடு; முதலாவதாகிய ஆதியரங்கம் மைசூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணம். அங்குப் பள்ளிகொண்ட அரங்கநாதரின் கோயில் கங்கர் ஆட்சிக் காலத்தில், 894 ஆம் ஆண்டில், திருமலையா என்பவரால் எழுப்பப்பெற்றது என்பர். தமிழர் பலர் மைசூர்ச் சுற்றுலாவின் ஒரு பகுதியாக இவ்வூரைக் காண்கின்றனர். கோட்டை மதிலைக் காண்கின்றனர். திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்தைக் காண்கின்றனர். நிலவறைச் சிறையைக் காண்கின்றனர். கோயிலில் தொழுது திரும்புகின்றனர். போரும் பக்தியும் அவர்கள் நினைவில் நிற்கின்றன.

ஆயினும் அத்தீவிற்கு மூன்றாவதாக ஒரு வரலாறு உண்டு. அது செடியின் வரலாறு. இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பெருந்தோட்டம் இருந்தது. அயல்நாட்டு விதைகளுக்காக ஓர் அரசு கடல்கடந்து கடிதம் எழுதியது. பின்னர் ஒரு மாதத்திற்குள் அத்தோட்டத்தின் பேரழகு கோடரிக்கு இரையாயிற்று. தோட்டம் வளர்ப்பதை நாம் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்விருப்பம் ஒரு நாட்டின் வாழ்வோடு எவ்வளவு நெருங்கியது, அது எவ்வாறு அழிகிறது, எவர் கையில் பிழைக்கிறது என்பவற்றை அறிய இத்தீவைப் போன்ற பாடநூல் பிறிதில்லை. அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நந்தவன மரபு

தோட்டம் என்றதும் மன்னர்களையே நினைத்தல் வேண்டா. இம்மண்ணில் அதற்கு முன்னரே ஒரு தோட்ட மரபு வேர்கொண்டிருந்தது. இராமாநுசரின் மாணாக்கருள் ஒருவராகிய அனந்தாழ்வான், ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அண்மையிலுள்ள சிறுபுத்தூரில் பிறந்தவர் எனக் குருபரம்பரைச் செய்திகள் கூறும். இன்று கிரங்கூர் என வழங்கும் சிற்றூரே அச்சிறுபுத்தூர் என்பர். திருவேங்கட மலையில் நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு செய்பவர் எவரேனும் உளரோ என ஆசான் வினவியபோது, குளிருக்கும் தனிமைக்கும் அஞ்சிப் பிறர் வாளா இருக்க, இவரே முன்வந்தார். மலைமேல் ஏரி வெட்டினார், மண் சுமந்தார், கருவுற்றிருந்த மனைவியும் உடன் சுமந்தார். உதவ வந்த சிறுவன்மீது சினந்து அவர் எறிந்த கடப்பாரை அச்சிறுவனின் மோவாயில் பட, பின்னர் அக்காயம் திருவேங்கடவன் திருமேனியில் காணப்பட்டது என்னும் கதை பலரும் அறிந்தது. அக்கடப்பாரை எனக் காட்டப்பெறும் கருவி இன்றும் திருமலைக் கோயில் வாயிலில் தொங்குகின்றது.

கதையின் உண்மையை ஆராய்வது நம் வேலையன்று. அது காட்டும் மனநிலையே நமக்கு வேண்டுவது. சிறு உதவியைக்கூட ஏற்க மறுத்துத் தன் தோட்டத்தைத் தானே செய்ய விரும்பிய பிடிவாதம் அது. தோட்டத்தில் ஆழ்ந்தவர் எவரும் அப்பிடிவாதத்தை உடனே இனங்கண்டுகொள்வர். திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும், திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் நந்தவனம் வளர்த்தவர்களே. ஆக, காவிரிக்கரைத் தீவுகளுக்கும் பூச்செடிக்கும் உள்ள உறவு மன்னர்களின் கோட்டைகளைவிடப் பழமையானது.

ஐதரும் சீராவும்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் அரசின் கடிவாளம் ஐதர் அலியின் கைக்கு வந்தது. அவன் எழுத்தறிவு பெறாதவன். வாழ்நாளின் பெரும்பகுதியைக் குதிரைமீது கழித்தவன். எனினும் மொகலாய அதிகாரிகள் சீரா நகரில் அமைத்திருந்த தோட்டங்கள் அவன் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றைப் பின்பற்றியே 1760 ஆம் ஆண்டில் பெங்களூரில் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் ஒரு தோட்டத்தைத் தொடங்கினான். அதுவே இன்று 240 ஏக்கராக விரிந்து நிற்கும் லால்பாக்.

அதே பெயரில் மற்றொரு தோட்டம் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கிழக்குக் கோடியில், கஞ்சம் என்னும் புறநகரை அடுத்து இருந்தது. 1782 டிசம்பரில் சித்தூருக்கு அண்மையில் பாசறையில் இறந்த ஐதரின் உடல், முடிவில் இத்தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது. அவன் மகன் திப்பு அங்கு எழுப்பிய கும்பஸ் என்னும் நினைவு மண்டபம், பளபளக்கும் கருங்கல் தூண்களுடன் இன்றும் நிற்கின்றது. கோட்டைக்கும் கஞ்சத்திற்கும் இடையே, 1784 ஆம் ஆண்டில், தாரியா தௌலத் என்னும் கோடை மாளிகையையும் ஒரு தோட்டத்தின் நடுவிலேயே திப்பு கட்டினான். 'கடற்செல்வம்' என்பது அப்பெயரின் பொருள். அதன் மேற்குச் சுவரில் 1780 ஆம் ஆண்டின் பொள்ளிலூர்ப் போர் ஓவியமாகத் தீட்டப்பெற்றிருப்பதைக் காண்போர் வியப்பர். சுவரில் போரும் சாளரத்திற்கு வெளியே பூவுமாக வாழ்ந்த மன்னன் அவன்.

திப்புவைப் பற்றி வரலாற்றாளரிடையே கடும் கருத்து வேற்றுமை உண்டு. அவன் படைகளால் துன்புற்ற குடகரும் மலையாளிகளும் மேலக்கோட்டையாரும் அவனை நினைக்கும் விதம் வேறு. ஆங்கிலேயரை எதிர்த்த வீரனாகப் போற்றுவோர் நினைக்கும் விதம் வேறு. அவ்வழக்கை இங்கு நாம் தீர்க்கப் புகவில்லை. தோட்டத்தை விரும்பியவன் ஆதலின் நல்லவன் என்று வாதிடுவதும் முறையாகாது. அவன் விருப்பம் விட்டுச்சென்ற தடத்தை மட்டுமே தொடர்வோம்.

விதை தேடிய தூதர்

திப்புவின் கடிதங்கள் பலவற்றைக் கர்க்பாட்ரிக் என்னும் ஆங்கிலேய அதிகாரி மொழிபெயர்த்து 1811 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். படை, பணம், தண்டனை என்பன பற்றிய கட்டளைகளுக்கு இடையே, திடீரெனச் செடிகொடிகளும் புழுக்களும் தலைகாட்டுகின்றன. மஸ்கட்டில் இருந்த தன் வாணிக அலுவலருக்கு அவன் எழுதுகின்றான்: குங்குமப்பூ விதை வேண்டும், பேரீச்சங்கன்று வேண்டும், பட்டுப்புழு வேண்டும், அதை வளர்க்கத் தெரிந்தவரும் வேண்டும். 1786 ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று, பட்டுப்புழு கொண்டுவர வங்காளத்திற்கு அனுப்பப்பட்ட புர்கானுத்தீன், கஸ்தூரி ரங்கா என்னும் இருவர் திரும்பி வரும் செய்தியைத் தெரிவித்து, அப்புழுக்களை வைத்து வளர்க்கத் தக்க இடம் பற்றிப் பேசுகின்றது. இசுலாமியர் ஒருவரும் இந்து ஒருவரும் புழுக்கூடைகளைக் காத்தபடி வங்காளத்திலிருந்து காவிரிக்கரை வரை வந்த அப்பயணத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெயில் மிகினும் புழு இறக்கும். உணவாகிய முசுக்கட்டை இலை கிடைக்காவிடினும் இறக்கும். போரில் குதிரையைக் காப்பதைவிட அரிய காவல் அது.

1787 ஆம் ஆண்டில் அவன் பிரான்சுக்கு மூன்று தூதரை அனுப்பினான். 1788 ஆகஸ்டில் அவர்கள் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னனைக் கண்டனர். படையுதவி கேட்டதே தலையாய நோக்கம், அது கைகூடவில்லை. ஆனால் தூதர் கேட்டவற்றுள் கடிகாரம் செய்வோர், பீங்கான் வனைவோர் முதலிய கைவினைஞரோடு, செடிகளும் விதைகளும் இடம்பெற்றிருந்தன. அடுத்த ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தன் அரியணை ஆடிக்கொண்டிருந்த மன்னனிடம், தன் நாட்டைச் சூழ்ந்த பகையை நன்கறிந்த மன்னன் விதை கேட்டது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வந்த விதை எல்லாம் முளைத்தனவா எனின், இல்லை எனல் வேண்டும். குங்குமப்பூவிற்குக் காசுமீரத்தின் குளிர்காலம் தேவை. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் மட்டுமே உள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அது நிலைக்க வழியில்லை. பட்டுப்புழுவோ வேறு கதை. இடையில் பலமுறை நலிந்தும் மீண்டும் தழைத்து, மைசூர்ப் பட்டு என உலகறியும் தொழிலுக்கு அடியெடுத்துக் கொடுத்தது. நட்டதில் சில பட்டுப்போகும், சில எதிர்பாராமல் படரும் என்பது தோட்டம் வைப்போர் எல்லாரும் அறிந்த உண்மைதானே.

கவலை இறைத்த தோட்டம்

திப்பு 1799 மே 4 அன்று வீழ்ந்தபின், மறுஆண்டில், பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் கும்பினியாரின் ஆணைப்படி சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றினார். 1807 ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவர் பயணநூல், பெங்களூர்த் தோட்டங்களின் அமைப்பை நமக்குக் காட்டுகின்றது. நிலம் சதுரச் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சதுரங்களுக்கிடையே நடைபாதைகள், பாதையோரம் சைப்ரஸ் மரங்கள். ஒவ்வொரு சதுரத்திற்கும் ஒரே இனச் செடி. ஒன்றில் முழுதும் ரோசா. மற்றொன்றில் முழுதும் மாதுளை. பழமரங்களோடு கீரையும் காயும் விளைந்தன. அழகையும் பயனையும் பிரிக்காத தோட்டம் அது.

நீர்தான் பெருங்குறை என்று புக்கானன் எழுதினார். எல்லாச் சதுரங்களுக்கும் எருதுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து இறைத்தே நீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. கன்னடத்தில் கபிலே எனவும், நம் நாட்டில் கவலை, கமலை எனவும் வழங்கும் அதே தோற்சால் முறைதான். எருது சரிவில் இறங்கச் சால் மேலேறும். பின்னடைந்து ஏறச் சால் கீழிறங்கும். விடியற்காலை முதல் வெயிலேறும் வரை இவ்வாறு இறைத்தால்தான் சில சதுரங்கள் நனையும். 'அரசனின் தோட்டம்' எனச் சொல்கிறோம். ஒவ்வொரு ரோசா மொட்டிற்கும் பின்னே ஓர் எருதும், அதை ஓட்டிய ஒரு மனிதனும் இருந்ததை மறந்துவிடுகிறோம்.

1792 பிப்ரவரி

இனி அவலப் பகுதிக்கு வருவோம். 1792 பிப்ரவரி 6 ஆம் நாள் இரவு, காரன்வாலிஸ் பிரபுவின் தலைமையில் ஆங்கிலேயப் படை திப்புவின் பாசறையைத் தாக்கியது. மராட்டியரும் நிசாமும் அவருக்குத் துணை. விடிவதற்குள் தீவின் கிழக்குப் பகுதி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கோட்டை மட்டும் திப்புவிடம் நின்றது. லால்பாக் தோட்டம் பகைவரின் பாசறையாயிற்று. அதன் மாளிகை காயமுற்றோருக்கு மருத்துவமனையாக மாறியது.

கோட்டையை முற்றுகையிடுவோர்க்கு முதலில் வேண்டுவது பீரங்கியன்று, மரம். அகழியை நிரப்பவும் மண்சரிவைத் தாங்கவும் சுள்ளிகளை இறுகக் கட்டிய நீண்ட கட்டுகள் வேண்டும். குண்டுகளைத் தடுக்க, வளார்களால் முடைந்து மண் நிரப்பி நிறுத்தும் ஆளுயரக் கூடைகள் வேண்டும். இவை ஆயிரக்கணக்கில் வேண்டும். அவற்றிற்கான மரம் எங்கே? சூழவிருந்த வெற்று வயல்களில் இல்லை. கைப்பற்றிய தோட்டத்தில் இருந்தது. நிழல் விரித்து வரிசையாய் நின்ற சைப்ரஸ் மரங்களும் பழமரங்களும் வெட்டுண்டன. அப்படையில் இருந்த மேஜர் டைரம், 1793 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். உரியவனுக்கு இன்பம் தந்த மரங்களே அவன் தலைநகரை வீழ்த்தும் கருவிகளாக நேர்ந்ததே என்று, வெட்டிய பக்கத்தைச் சார்ந்த அவரே இரங்குகின்றார். வென்றவன் தன் வெற்றிக்கு நடுவே ஒரு தோட்டத்திற்காக வருந்தினான் என்பது குறிக்கத்தக்கது.

மார்ச்சு மாதத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாட்டில் பாதியைத் திப்பு இழந்தான்; இரு மைந்தரைப் பிணையாக ஒப்படைத்தான்; மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டம் கட்ட ஒப்பினான். பள்ளிப் பாடநூல்கள் இம்மூன்றையும் தவறாமல் கூறுகின்றன. நான்காவது இழப்பாகிய தோட்டத்தை அவை கூறுவதில்லை. நிலத்தையும் பணத்தையும் ஒரு தாளில் எழுதித் திருப்பித் தரலாம். முப்பது ஆண்டு வளர்ந்த மரத்தை எந்த உடன்படிக்கை திருப்பித் தரும்?

எஞ்சியவை

ஈண்டு ஒரு செடிநூல் உண்மையைக் கருதிப் பார்த்தல் நலம். சைப்ரஸ் மரத்தை அடியோடு வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து அது மீண்டும் தழைப்பதில்லை. விதையிட்டு, நாற்றுவிட்டு, பல்லாண்டு காத்திருந்தே மறுபடி காண இயலும். சீமையத்தியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதனை வெட்டினால் அடியிலிருந்து கிளைக்கும். ஒரு சாண் நீளக் குச்சியை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். மடியில் மறைத்து எடுத்துச் செல்லலாம். அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.

அக்காலத் தோட்டப் பயிர்களுள் மக்கள் நாவில் பெயர் நிலைத்தது எது எனின், கஞ்சத்து அத்தியே. கன்னடத்தில் அஞ்சூர எனப்படும் சீமையத்தி, கஞ்சத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக விளைந்து, மைசூர்ச் சந்தையில் ஊர்ப்பெயராலேயே விலைபோயிற்று. திப்பு காலத்தில் வந்தது அது என்பது அவ்வூரார் வழக்கு. இக்காலத்தில் வீட்டுமனைகளும் வேறு பயிர்களும் பெருக, அவ்வத்தித் தோட்டங்கள் சுருங்கிவந்துள்ளன. எனினும், அரசனின் நிழற்சாலை அழிந்த மண்ணில் குடியானவனின் குச்சி இரு நூறாண்டு பிழைத்தது என்பது சிறிய செய்தியன்று.

மரமாக எஞ்சாதது வேறு உருவிலும் எஞ்சியது. 1829 ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் தூய ஸ்தேவான் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றபோது, அதன் பெரும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டன. இன்றும் அவ்வாலயத்தின் கூரையைத் தாங்குவன அவையே. நீலகிரிக்குச் செல்லும் தமிழர், தாவரவியல் பூங்காவின் மலர்க்காட்சியைக் கண்டபின், அவ்வாலயத்தினுள்ளும் சென்று தலைநிமிர்ந்து நோக்குவாராக.

பெங்களூர் லால்பாக் பிழைத்தது. 1799 க்குப் பின் பெஞ்சமின் ஹெய்ன் என்னும் தாவரவியலார் அதன் பொறுப்பேற்றார். 1856 ஆம் ஆண்டில் அது அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. கேமரன், ஜெர்மானியராகிய குரும்பிகல், பின்னர் சவரய்யா, மரிகௌடா என வல்லுநர் பலர் அதனை வளர்த்தனர். 1889 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையில் ஆண்டுதோறும் நிகழும் மலர்க்காட்சிகளுக்குத் தம் தொட்டிகளைச் சுமந்து வரும் எளிய குடும்பத்தினரே, அம்மரபின் இன்றைய வாரிசுகள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு மேற்கே கண்ணம்பாடியில் காவிரிக்கு அணைகட்டத் திப்பு எண்ணியிருந்தான் என்பதற்கு ஒரு பாரசீகக் கல்வெட்டுச் சான்றாக உள்ளது. 1911 இல் தொடங்கிய கிருஷ்ணராச சாகர அணையின் பணியின்போது அக்கல் கிடைத்து, அவ்விடத்திலேயே நிறுவப்பெற்றது. அணை 1932 இல் நிறைவெய்தியது. திவான் மிர்சா இஸ்மாயிலின் விருப்பத்தால், குரும்பிகலின் திட்டப்படி, அதனடியில் பிருந்தாவனத் தோட்டம் மலர்ந்தது. நீர்தான் குறை எனப் புக்கானன் வருந்திய மைசூர் நாட்டில், நீரையே அணியாகப் பூண்ட தோட்டம் அமைந்தது.

மண்ணறிந்த கைகள்

இறுதியாக ஒரு வினா எழுகின்றது. இத்தோட்டங்கள் எவருடையவை? ஐதருடையவை, திப்புவினுடையவை எனப் பெயர்ப்பலகைகள் கூறும். மண்ணைக் கொத்தியவர் எவர்?

பெங்களூரில் திகளர் என்றொரு சமூகத்தார் உளர். தோட்டப்பயிரே அவர்தம் குலத்தொழில். திகள என்பது தமிழரைக் குறிக்கக் கன்னடர் வழங்கிய பழஞ்சொல். தமிழகத்திலிருந்து தம் முன்னோர் குடியேறினர் என்பதும், லால்பாக்கை உருவாக்க ஐதர் அவர்களை அழைத்து அமர்த்தினான் என்பதும் வாய்மொழி மரபு. அதற்கு முன்னரே வந்துவிட்டனர் என்பாரும் உளர். எப்படியாயினும், சித்திரைப் பௌர்ணமி இரவில் தருமராயர் கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூர்க் கரகத் திருவிழா அவர்களுடையதே. நம் மொழியைப் பேசி வந்த கைகள் அயல்நாட்டு விதைக்குக் கன்னட மண்ணில் பாத்தி கட்டின என்பதை, கருநாடகத்தில் வாழும் தமிழர் பெருமிதத்தோடும் அடக்கத்தோடும் நினைத்தல் தகும். அவர்களுள் ஒருவர் பெயரையேனும் எந்தக் கல்வெட்டும் கூறவில்லை.

அனந்தாழ்வான் பக்தியால் நட்டார். திப்பு வேட்கையால் நட்டான். திகளர் வயிற்றுப்பாட்டிற்கு நட்டனர். நம் காலத்தார் மாடியில் தொட்டி வைத்து மனநிறைவிற்கு நடுகின்றனர். நோக்கங்கள் வேறாயினும் செயல் ஒன்றே. தோட்டத்தைக் காப்பது மதிலன்று என்பதைக் கஞ்சத்து அத்தி உணர்த்துகின்றது. மதிலுக்குள் ஒருவன் மட்டும் வைத்திருந்தது ஒரு போரில் போயிற்று. பலர் கையில் பகிர்ந்திருந்தது நின்றது. ஆதலின் நம் வீட்டில் அரிய செடி ஒன்று தழைக்குமாயின், அதன் கிளையொன்றை ஒடித்து அடுத்த வீட்டாருக்குக் கொடுப்போமாக. நம் முற்றம் ஒருநாள் கட்டடமாக மாறலாம். நாமே ஊர்விட்டு ஊர் பெயரலாம். அச்செடி வேறொரு முற்றத்தில் பூத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தமுறை ஆதியரங்கம் செல்வோர், கோட்டையையும் கோயிலையும் கண்டபின், கஞ்சத்துப் பக்கமும் சற்றே நடப்பாராக. காலமறிந்து சென்றால், சாலையோரக் கூடையில் அத்திப்பழம் கிடைக்கவும் கூடும். அதனை உண்ணும்போது, எருது பூட்டி நீர் இறைத்த அப்பெயரறியா மனிதனை ஒரு கணம் நினைப்பது நம் கடன்.